மார்க் போடுவது முகவரி

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணியினருக்குக் கூடுதலாக ஒரு வணக்கம். நான் முடிக்கும்போது அது தேவைப்படும்.

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் தேர்ச்சியைத் தீர்மானிப்பது பெற்றோர் வருமானமும் வீடு இருக்கும் இடமுமா, ஆசிரியரும் நிர்வாகமுமா? இதுதான் பட்டிமன்றத் தலைப்பு. வருமானமும் இடமும்தான் என்பது என் கட்சி. 'நல்லாசிரியர் வாய்த்தால் குடிசையிலும் மேதை உருவாவான்' என்றார் எதிரணித் தலைவர். உருவாவான் ஐயா, யார் இல்லை என்றது? ஆனால் நாம் பேச வந்தது ஒரு மேதையைப் பற்றியல்ல, ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் சராசரியைப் பற்றி.

முதலில் பணம் வரும் வழியைப் பாருங்கள். இங்கே பள்ளி மாவட்டத்துக்குத் தனி எல்லை, தனி வாரியம். பெரும்பாலான மாநிலங்களில் வீடு, மனை மதிப்பின் மேல் தானே வரி போடும் அதிகாரமும் உண்டு. டெக்சாஸில் சான் அன்டோனியோ பகுதியில் எட்ஜ்வுட், அலாமோ ஹைட்ஸ் என்று இரண்டு மாவட்டங்கள். முதலாவது ஏழை, அடுத்தது வசதி. 1967-68 கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று வகுத்தால் எட்ஜ்வுட்டின் சொத்து மதிப்பு 5,960 டாலர். அலாமோ ஹைட்ஸில் 49,000-க்கு மேல். எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள், அலாமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட். விகிதத்தில் யார் அதிகம் கட்டியது? ஏழைதான்! மாநிலத் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு போக, உள்ளூர் வரியில் பிள்ளைக்கு மிஞ்சியது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அங்கே 333. மாநில உதவி, மத்திய உதவி எல்லாம் சேர்ந்த பிறகும் 356-க்கு எதிராக 594.

இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்துத்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973-ல், கல்வி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. அடுத்த ஆண்டு டெட்ராய்ட் வழக்கு: தவறு செய்ததாக நிரூபிக்கப்படாத புறநகர் மாவட்டங்களை கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கும் நகரப் பள்ளிகளின் இன ஒருங்கிணைப்புத் திட்டத்துக்குள் இழுக்க முடியாது. அதுவும் 5-க்கு 4. வரைபடத்தில் இருந்த கோடு அன்றைக்குச் சுவராகிவிட்டது.

'பழங்கதை' என்பார்கள். சரி, 1993-ல் டெக்சாஸ் பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்துப் பகிரத் தொடங்கியது. மக்கள் வைத்த பெயர் 'ராபின் ஹூட்'. பல மாநிலங்களில் பண இடைவெளி சுருங்கியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகை கட்ட முடியாமல் ஒரு குடும்பம் ஜனவரியில் வீடு மாறுகிறது. பழைய பள்ளியில் பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. புதிய பள்ளியில் பின்னம் முடிந்து தசமம் ஓடுகிறது. அந்தப் பிள்ளைக்கு இரண்டுமே ஓட்டை. வகுப்பில் இப்படி ஐந்து பேர் வந்து போனால், ஆசிரியர் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். மற்றவர்களும் நிற்க வேண்டும்.

அந்த ஆசிரியரும் எத்தனை நாள் இருப்பார்? அனுபவம் கூடியதும் வேலைச்சுமை குறைந்த, சம்பளம் கூடிய பக்கத்து மாவட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார். காலியிடத்தில் மாதக்கணக்கில் மாற்று ஆசிரியர். ஆசிரியர்தான் காரணம் என்று நீங்கள் சொன்னீர்களே, அந்த ஆசிரியரையே இடம்தானே பங்கு பிரிக்கிறது! கிராமப்புறத்தில் இன்னொரு விதம்: உயர்கணிதம் கேட்பவர்கள் நான்கே பேர் என்றால் வகுப்பே நடக்காது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஷான் ரியர்டன் நாடு முழுக்க உள்ள மாவட்டத் தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தார். மிக வசதியான மாவட்டத்துக்கும் மிக ஏழையான மாவட்டத்துக்கும் நான்கு வகுப்புப் படிப்புக்கு மேல் தூரம். அவர் ஆய்வையே எதிரணியும் தூக்கிக்கொண்டு வரும்: சிகாகோ பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், ஐந்து ஆண்டில் ஆறு ஆண்டு வளர்ச்சி கண்டார்கள். உண்மை. பள்ளியின் உழைப்பு அந்த வளர்ச்சியில்தான் தெரியும். அந்த ஆசிரியர்களுக்கு நான் கைதட்டுவேன். ஆனால் மூன்றாம் வகுப்பிலேயே அவர்கள் தேசிய சராசரிக்குக் கீழே நின்றது ஏன்? அந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை ஐந்து வயதிலேயே, மழலையர் வகுப்பு வாசலுக்கே சுமந்து வந்தார்கள். அதுவரை அவர்களை வளர்த்தது வீடும் தெருவும்.

இணையத்தில் பத்துக்கு ஒன்பது என்று பச்சை வட்டம் காட்டும் பள்ளி மதிப்பீடு இருக்கிறதே, அதில் தேர்ச்சி விகிதம் எவ்வளவு, வளர்ச்சி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தேர்ச்சி விகிதம் பெரும்பாலும் அந்தத் தெருவின் வருமானத்தைச் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்து வசதியுள்ளவர்கள் வருவார்கள், வீட்டு விலை ஏறும், வசதி குறைந்தவர்கள் வெளியேறுவார்கள், எண் இன்னும் ஏறும். இதில் ஆசிரியர் எங்கே வந்தார்?

நடுவர் அவர்களே, எதிரணி மேசையில் நால்வர் இருக்கிறார்கள். நால்வரும் இந்த ஊரில் வீடு பார்த்தவர்கள். தரகரிடம் அன்று அவர்கள் கேட்டது ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் யார் என்றா, வீடு எந்த மாவட்ட எல்லைக்குள் என்றா? இந்த மைக்கில் வந்து அதை மட்டும் சொல்லட்டும்.