சதுப்பின் ஈரமும் அங்கு வாழும் மக்களும்

நேயர்களுக்கு வணக்கம். இந்தோனேசியாவின் மத்தியக் களிமந்தான் மாநிலத்தில், மரங்களும் இலைகளும் தேங்கிய நீருக்கடியில் காற்றுப்படாமல் கிடந்து, முழுதும் மட்காமலே பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான கரிச் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டரையும் தாண்டும். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே உள்ள இத்தகைய நிலங்கள், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கரிமத்தைத் தம்முள் வைத்திருக்கின்றன.

அதிபர் சுகார்த்தோவின் அரசு 1990-களின் நடுவில், இங்கே ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்க முனைந்து, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டியது. நெல் விளையவில்லை, நீர் வடிந்ததுதான் மிச்சம். 1997-இன் எல் நினோ வறட்சியில், உலர்ந்த சதுப்பில் பற்றிய தீ மண்ணுக்கடியிலேயே கனன்று பரவியது. அவ்வாண்டு இந்தோனேசியாவின் சதுப்புகளும் அவற்றின் மேலிருந்த காடுகளும் எரிந்து வெளியேறிய கரிமம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

2015-இல் மீண்டும் பெருந்தீ மூண்டது. மறு ஆண்டே சதுப்பு மீட்புக்கென அரசு தனி அமைப்பை ஏற்படுத்த, கால்வாய்களைத் தடுப்பணைகளால் அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் பணி விரைவு பெற்றது. அது மிகச் சரியான பணி. ஆனால் அதற்குள் அக்கால்வாய்கள் அப்பகுதியின் பழங்குடிகளான டயாக் மக்களுக்குப் படகு வழிகளாகிவிட்டிருந்தன. மீன்பிடிக்கவும் ரப்பர்த் தோட்டத்துக்குச் செல்லவும் அவற்றையே நம்பியிருந்தார்கள். கேளாமல் கட்டிய அணையைப் படகுக்காக உடைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீ வைக்கத் தடை வந்தபோதும், புதரை எரித்து அச்சாம்பலால் மண்ணின் புளிப்பைத் தணித்துவந்த சிறு உழவருக்கே இழப்பு நேர்ந்தது.

நீர் நிற்கும் நிலத்தில் பிழைக்கும் வழியை அம்மக்கள் நன்கறிவார்கள். 'பெஜே' என்னும் நீண்ட குளங்களை வெட்டிவைப்பார்கள். மழைக்கால வெள்ளத்தோடு வந்து சேரும் மீன்கள், வெள்ளம் வடிந்தபின் அவற்றில் தங்கிவிட, கோடையில் அள்ளிக்கொள்வார்கள். சதுப்பில் தானே வளரும் 'புருன்' கோரையை அறுத்து, உலர்த்தி, தட்டையாக இடித்துப் பெண்கள் பாய் முடைகிறார்கள். பால் வடிக்கும் ஜெலுத்தோங் மரத்துக்கும் சதுப்பை வடிக்க வேண்டிய தேவையில்லை.

ஆகவே, அணை அமையும் இடத்தை ஊராரோடு அமர்ந்து முடிவுசெய்வதும், படகு கடக்க வழிவிடுவதும், கோரைப் பாய்க்கும் மீனுக்கும் கட்டுபடியாகும் விலை கிடைக்கச் செய்வதும் அணையின் திட்டச் செலவிலேயே சேர வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். நன்றி, வணக்கம்.