சீரியல் வில்லன் கையில் என்ன பேனா?

(கீழக்கரையில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்களில் சிலர் எழுதித் தரச் சொன்னார்கள். மேடையில் நேரமில்லாமல் விட்டதை இங்கேயும் விட்டுவிட்டேன்.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, நகராட்சி உறுப்பினர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, ஏர்வாடியிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, கடைசி வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நூலகர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. பொன்னாடை வேண்டாம், ஒரு பாட்டில் மை கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதா என்ன? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அந்த வள்ளல் இந்த மண்ணுக்காரர்தானே. தேடி வந்த புலவருக்கு அடக்கமான பிறகும் விரல் மோதிரத்தைக் கொடுத்த கை அது. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விட மாட்டேன், இன்றைக்கும் பல தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிவியில், ஓடிடியில் கதாபாத்திரங்கள் கையில் வைத்திருக்கும் பேனா, பென்சில், நோட்டு இதெல்லாம் என்ன பிராண்டு, என்ன மாடல் என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஒன்று, எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது. இரண்டு, காலப்பிழையைப் பிடிப்பது. மூன்று, பாத்திரத்துக்கும் பேனாவுக்கும் உள்ள பொருத்தம்.

முதலில் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, கிளிப்பை. பிராண்டு பெயர் திரையில் தெரியவே தெரியாது, தெரிந்தாலும் மங்கலாக்கிவிடுவார்கள். சட்டைப் பையில் அம்பு மாதிரி கிளிப் தெரிந்தால் பார்க்கர். கம்பியை வளைத்துச் செருகிய மாதிரி பெரிய கிளிப் என்றால் அநேகமாக லாமி சஃபாரி, 1980ல் வந்தது. மூடி உச்சியில் ஓரம் வளைந்த வெள்ளை நட்சத்திரம் இருந்தால் மான்ட் பிளாங்க், அதே பெயருள்ள ஆல்ப்ஸ் மலை உச்சியின் பனிதான் அது. நிப்பு வெளியே தெரியாமல் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்கர் 51, 1941ல் வந்த மாடல். அவசரப்படாதீர்கள், நம் அப்பாமார்கள் வைத்திருந்த சீன ஹீரோ பேனாவும் அதே சாயல்தான். வெள்ளை உடம்பு, நீல மூடி என்றால் கேட்கவே வேண்டாம், ரெனால்ட்ஸ் 045. சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட பென்சில் நடராஜ். இதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு எபிசோடு முடிய ராத்திரி ஆகிவிடும், அது வேறு விஷயம்.

இந்த இடத்தில் என் தாய்மாமா கதையைச் சொல்லியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனா நோட்டுக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் ராத்திரி வீட்டில் எல்லோரும் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வில்லன் தன் தம்பியின் சொத்தை எழுதி வாங்கும் கட்டம். வக்கீல் பத்திரத்தை நீட்டுகிறார். வில்லன் வெல்வெட் பெட்டியைத் திறக்கிறார், உள்ளே தங்க வளையம் போட்ட கறுப்புப் பேனா, பின்னணியில் டமார் டமார் என்று இசை, பேனாவுக்கு மட்டும் மூன்று தடவை குளோசப். என் மச்சான், துபாயில் இருந்து வந்தவர், "மாமா, இது மான்ட் பிளாங்க், அங்கே மாலில் பார்த்திருக்கேன், விலையைக் கேட்டா மயங்கி விழுந்துடுவீங்க" என்றார். மாமா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "மாப்பிள்ளை, அது நம்ம கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு, பெட்டியோட நாப்பது ரூவா" என்றார். வந்ததே சண்டை! அத்தை ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கடைசியில் பந்தயம், தோற்றவர் ஒரு முழு சீலா மீன் வாங்கித் தர வேண்டும். மறுநாள் எபிசோடை யூடியூபில் போட்டு நிறுத்தினோம். மூடி உச்சியில் நட்சத்திரத்தைத் தேடினால் வெறும் மொட்டை. மாமா விடுவாரா, கடைக்குப் போய் அதே பேனாவை எடுத்துவந்து டிவி பக்கத்தில் பிடித்தார். தங்க வளையம் ஒரே மாதிரி, கிளிப் நுனியில் இருந்த உருண்டை ஒரே மாதிரி. மச்சான் அப்போதும் விடவில்லை, இது டூப்ளிகேட்டைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட் என்றார். அதற்குள் என் தங்கை மகள் ஒன்று கண்டுபிடித்தாள் பாருங்கள்! கையெழுத்துப் போடும்போது ஜெல் பேனா, அடுத்த ஷாட்டில் வக்கீல் எடுத்து மூடும்போது அது பால்பாயிண்ட், மூடியே கிடையாது, தட்டி எழுதுகிற பேனா! அந்தப் பத்திரம் செல்லாது என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்கள். சீலா மீன் வந்தது, காசு கொடுத்தது மச்சான், சாப்பிட்டது எல்லோரும். (கைதட்டல்)

இரண்டாவது, காலப்பிழை. மேட் மென் என்று ஒரு அமெரிக்கத் தொடர், விளம்பரக் கம்பெனிக் கதை. முதல் சீசன் 1960ல் நடக்கிறது, ஆனால் ஆபீஸ் மேஜையில் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறி. அது விற்பனைக்கு வந்ததே 1961ல். பார்க்கிறவர்கள் பிடித்துவிட்டார்கள். நம் பக்கத்துக்கு வாருங்கள். 1942ல் திருவாடானைச் சிறையை ஜனங்கள் உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்களே, அதை யாராவது சீரியலாக எடுத்தால், இன்ஸ்பெக்டர் கையில் பால்பாயிண்ட் கொடுத்துவிடாதீர்கள். பால்பாயிண்ட் பேனா நியூயார்க் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான், பிக் கிறிஸ்டல் என்கிற பால்பாயிண்ட் 1950ல். இன்ஸ்பெக்டருக்குத் தொட்டு எழுதும் கட்டைப்பேனாவும் மைக்கூடும் போதும்.

மூன்றாவது விஷயத்துக்கு வரும் முன் ஒன்று. இப்படிக் கிளிப்பையும் மூடியையும் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்காது. காலையில் கடற்கரையில் நடக்கும்போதும் அது தேடுகிறது. கரையில் ஒதுங்கிய பாசிக்கு நடுவே பேனா கிடக்கிறது. மூடி வெயிலில் வெளுத்துவிட்டது, அச்சடித்த பெயர் உப்பில் போய்விட்டது, ஆனால் உடம்பின் கட்டங்கள், பின்பக்க அடைப்பு, பிடிக்கிற இடத்து ரப்பர் வரிகள் அப்படியே இருக்கின்றன. அதைக் கொண்டே எந்தப் பேனா என்று சொல்லிவிடுவேன். நான் பார்த்ததில் அநேகம் எழுதித் தீர்த்து எறிகிற ரகம், யூஸ் அண்ட் த்ரோ. உள்ளே குச்சியில் ஒரு சொட்டு மை இல்லை. கரைவலை இழுக்கும் அண்ணன்மார்களைக் கேளுங்கள், நெத்திலியோடு பேனா மூடியும் வருகிறது என்பார்கள்.

எதிரே இருக்கும் கடல் லேசுப்பட்டது இல்லை. 1986ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆனது, 21 தீவுகள். அதில் அப்பா தீவு, தலையாரி, முல்லி எல்லாம் நம் ஊர் வாசலில். பவளப்பாறை, கடற்பசு, ஆமை எல்லாம் இருக்கிற இடம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை வந்தது, உறிஞ்சு குழல் உண்டு, தண்ணீர் பாக்கெட் உண்டு, பேனா அந்தப் பட்டியலில் இல்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி, இந்தப் பேனா செத்தும் கெடுக்கிறது. எழுதுகிறபோதாவது உருப்படியாக எழுதியதா என்றால், பரீட்சை ஹாலில் பாதியில் நின்று பிள்ளைகளை அழ வைத்ததுதான் மிச்சம்.

அதனால் நகராட்சி உறுப்பினர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, உங்கள் இருவரிடமும் மேடையிலேயே கேட்கிறேன், கீழே இறங்கினால் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் மை பேனா அல்லது ரீஃபில் மாற்றுகிற பேனா மட்டும் என்று சொல்லுங்கள். நூலகத்தில் ஒரு மைப் பாட்டிலும் ஃபில்லரும் வையுங்கள், பிள்ளைகள் வந்து நிரப்பிக்கொள்ளட்டும். இன்றைக்கு எனக்குக் கொடுத்த பாட்டிலையே முதல் பாட்டிலாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நல்ல பேனாவுக்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை, திருவள்ளூரில் ரங்கா பேனாவைக் கையால் கடைந்து கொடுக்கிறார்கள், எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில், மகன் பேரன் வரைக்கும் வரும். வைத்திருந்தவர் போன பிறகும் பேனா எழுதும். செத்தும் கொடுத்தான் சீதக்காதி!

தலைவர் மணியைப் பார்க்கிறார். மூன்றாவது விஷயத்தை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், கூப்பிட்டால். கோரிக்கை மனு நூலகர் அம்மா மேஜையில் இருக்கிறது, டீ குடிக்கப் போகும் முன் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேனா நான்தான் வைத்திருக்கிறேன், மை பேனா, அழுத்தாமல் எழுதுங்கள். மேஜைக் காலோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம், போன கூட்டத்தில் வைத்த பேனா இன்னும் வரவில்லை.