செப்டெம்பர் 15-உம் ஒரு பையனின் புள்ளிகளும்

வணக்கம் நேயர்களே. இந்த நேரம் உங்களில் பலர் காரில் இருப்பீர்கள். பின்சீட்டில் வியர்வையில் ஊறிய ஹொக்கிப் பை ஒன்று நாறிக்கொண்டிருந்தால், இன்றைய பேச்சு உங்களுக்கு இன்னும் கிட்டவானது.

ஜூன் முடிகிற நேரம் வந்தால் என்.எச்.எல். ட்ராஃப்ட், அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கின் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்கிற நிகழ்வு. 32 அணிகள், ஏழு சுற்று, ஏறக்குறைய 224 பெயர்கள். அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே வேலையிடத்திலும் அரீனாப் படிக்கட்டிலும் ஒரே வாக்குவாதம்: இந்தப் பையன் தேறுவானா, மாட்டானா? ஒருவர், "நூறு புள்ளி எடுத்திருக்கிறான்" என்பார் (கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிவிட்ட பாஸுக்கு, அதாவது அசிஸ்டுக்கு, ஒரு புள்ளி). மற்றவர், "ஆள் கட்டை, அங்கே நசுக்கிப்போடுவார்கள்" என்பார். பையன் எப்போது பிறந்தான் என்று இருவரும் கேட்கமாட்டார்கள். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

விதி இலகுவானது. செப்டெம்பர் 15-க்குள் 18 வயது நிரம்பினால் அந்த ஆண்டு ட்ராஃப்ட். 16-ஆம் தேதி பிறந்தவன் அடுத்த ஆண்டுக்குப் போகவேண்டும். ரொறன்ரோக்காரருக்கு இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஓஸ்டன் மத்யூஸ் பிறந்தது 1997 செப்டெம்பர் 17. இரண்டே நாள் முந்தியிருந்தால் 2015-இல், முதலாவதாகப் போன மக்டேவிட்டோடு வரிசையில் நின்றிருப்பார். அந்த ஆண்டு ரொறன்ரோவுக்குக் கிடைத்தது நான்காவது இடம். பிந்தியதால் 2016-க்குப் போனார். அந்த முறை முதலிடம் ரொறன்ரோவிடம் இருந்தது, அவரை எடுத்தது. இரண்டு நாள், நேயர்களே!

இன்னொரு சோடியைப் பாருங்கள். மத்யூ ஷேஃபர் 2007 செப்டெம்பர் 5-இல் பிறந்தவர். கவின் மக்கெனா அதே ஆண்டு டிசம்பர் 20. இடைவெளி மூன்றரை மாதம். ஷேஃபர் 2025-இல் முதல் ஆளாக நியூயோர்க் ஐலண்டர்ஸுக்குப் போனார். ஜூனியர் லீக்கில், அதாவது 20 வயது வரையான பையன்களின் லீக்கில், மெடிசின் ஹாட் அணிக்கு 56 ஆட்டத்தில் 129 புள்ளி எடுத்த மக்கெனா, 2026 வரை காத்திருக்க வேண்டியவரானார். ஷேஃபர் காறையெலும்பு முறிந்து, அந்த ஆண்டு ஈரி ஜூனியர் அணிக்கு ஆடியது 17 ஆட்டம்தான். டிஃபென்ஸ்காரர், 22 புள்ளி. தன் ட்ராஃப்ட் ஆண்டுக்காரரிலேயே மிக இளையவர்களில் ஒருவர் அப்படி ஆடியிருக்கிறார் என்பதை எடைபோட்டுத்தான் எடுத்தார்கள்.

ஒரே ட்ராஃப்டில் நிற்கிற இரண்டு பையன்களுக்கிடையே கிட்டத்தட்ட பன்னிரண்டு மாத வித்தியாசம் இருக்கலாம். 17 வயதில் பன்னிரண்டு மாதம் என்பது தோள் அகலம், தொடைப் பலம், ஒரு முழுப் பருவத்து அனுபவம். 80 புள்ளி எடுத்த ஓகஸ்ட் பையனும், 80 புள்ளி எடுத்த முந்திய ஒக்டோபர் பையனும் சமமில்லை. திரும்பச் சொல்கிறேன், சமமில்லை.

சிறுவர் ஹொக்கியில் வேறொரு கோடு: ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவன் அந்த வயதுப் பிரிவில் மூத்தவன், பெரியவன். நல்ல அணி, நல்ல பயிற்சியாளர் எல்லாம் அவனுக்குப் போகும். 1980 முதல் 2007 வரையான ட்ராஃப்டுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, எடுக்கப்பட்ட கனடிய வீரர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் என்று கண்டது. ஆனால் எடுத்த இடத்துக்குரிய பலனை மிஞ்சிக் கொடுத்தவர்கள் ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள். அணிகளுக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட்டுகள் எல்லாரும் அனுபவசாலிகள். அவர்களே இப்படிச் சறுக்கியிருக்கிறார்கள்.

சரி, புள்ளிக்கு வருவோம். பென்சில் வேண்டாம், மனக்கணக்குப் போதும். ஜூனியரில் ஒருவன் 60 ஆட்டத்தில் 90 புள்ளி என்று வையுங்கள். அதில் 35 பவர்ப்ளேயில் வந்தது என்றால், எதிரணியில் ஓராள் குறைந்திருந்தபோது வந்தது. மிச்சம் 55. ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள். இரண்டாவது அசிஸ்ட் சிலவேளை அருமையான பாஸ். பலவேளை தன் எல்லையில் பக்கை (ஹொக்கி ரப்பர் வட்டை) தட்டிவிட்டு பெஞ்சுக்குப் போனவனுக்குக் கிடைப்பது. அதில் 20 போனால் 35. பக்கத்தில் ஆடியவன் யார் என்றும் பாருங்கள். ஜூனியர் அணிகளில் 20 வயதுக்காரர் மூன்று பேர் வரை இருக்கலாம். அப்படி ஒருவன் தூக்கிவிட்டிருந்தால், அந்த 35-உம் கொஞ்சம் தண்ணீர் கலந்த பால்தான். இன்னொரு பையன் 65 புள்ளிதான், ஆனால் 45 சமபலத்தில், பெரும்பாலும் தன் கையால் என்றால், எனக்கு அவன்தான் வேண்டும்.

இந்த வாக்குவாதத்துக்கு 2022-ஐ விட நல்ல ஆண்டு கிடையாது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷேன் ரைட் 15 வயதிலேயே ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் ஆட விசேட அனுமதி பெற்றவர். பிறகு ட்ராஃப்டில் முதலாவதாகப் போன டவாரெஸுக்கும் மக்டேவிட்டுக்கும் கிடைத்த அதே அனுமதி. (ஷான் டே என்பவருக்கும் கிடைத்தது, அவர் 2016-இல் 81-ஆவதாகத்தான் போனார். அனுமதிச் சீட்டு உத்தரவாதச் சீட்டு அல்ல.) முதல் பருவம் 58 ஆட்டத்தில் 39 கோல். அடுத்த பருவம் கொவிட்டால் முற்றாக ரத்து. ட்ராஃப்ட் ஆண்டில் கிங்ஸ்டனுக்கு 63 ஆட்டம், 94 புள்ளி. "போதாது, வளரவில்லை" என்றார்கள். ஒரு பருவமே இல்லாமல்போன பையனை, அது இருந்ததுபோல எண்ணி அளந்தார்கள்.

மறுபக்கம் ஸ்லோவாக்கியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. நெடிய, கனத்த பையன். பின்லாந்தில் வளர்ந்த ஆண்களோடு 31 ஆட்டம், 10 புள்ளி. பிறகு பெய்ஜிங் ஒலிம்பிக்: ஏழு ஆட்டம், ஏழு கோல், நாட்டுக்கு வெண்கலம், தொடரின் சிறந்த வீரர் விருது. என்.எச்.எல். வீரர்கள் வராத ஒலிம்பிக் அது. ஏழு ஆட்டத்தை 31 ஆட்டத்துக்கு மேலே வைப்பதா? ஒரு கட்சி, ஏழு ஆட்டம் காற்றடித்த நேரம் என்றது. மற்றக் கட்சி, 17 வயதில் ஆண்கள் லீக்கில் குறைந்த நேரம் ஆடி எடுத்த 10 புள்ளியை ஜூனியர் புள்ளியோடு ஒப்பிடாதே என்றது. இரண்டு கட்சியும் பாதி சரி.

ட்ராஃப்ட் மொன்றியலிலேயே நடந்தது. மொன்றியல் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதலாவதாக எடுத்தது. ரைட் நான்காவதாக சியாட்டிலுக்கு இறங்கினார். மேடையேறும்போது மொன்றியல் மேசையைப் பார்த்தாரா இல்லையா என்று பிறகு வேறு சண்டை. முதல் பருவத்தில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 39 ஆட்டத்தில் 10 புள்ளி, பிறகு காயம். 'முதலிடம் வீண்' என்று எத்தனை குரல்! அடுத்த பருவம் 50 புள்ளி. ரைட்டுக்கு இன்னும் நாள் எடுத்தது. 2023-24-இல் பெரும்பாலும் கீழ் லீக்கில், அடுத்த பருவம் 44 புள்ளி. 19 வயதில் இரண்டு பேரையும் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற வேலை இது. நட்ட மறுநாள் முட்டியைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது?

அடுத்து, எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது. பிரேடன் பொயின்ற், பெயருக்கேற்ப, மூஸ் ஜோ ஜூனியர் அணியில் 72 ஆட்டத்தில் 91 புள்ளி எடுத்தார். உயரம் குறைவு, ஸ்கேட்டிங்கும் குறை என்று 2014-இல் 78 பேர் அவருக்கு முன்னே போனார்கள். டாம்பா அணி ஒரே ஓர் இடம் முன்னேற இன்னொரு தெரிவு உரிமையைக் கொடுத்து 79-இல் எடுத்தது. அந்த அணியில் ஸ்கேட்டிங் கற்பித்தவர் பார்ப் அண்டர்ஹில், 1984 உலக சோடி ஸ்கேட்டிங் சாம்பியன். முழங்கால் மடிப்பு, முதல் மூன்று எட்டு, எடையைத் தள்ளுகிற கோணம், இவை பயிற்சியில் மாறும். பொயின்ற் பின்னர் ஒரே பருவத்தில் 51 கோல் போட்டார். ஆனால் பக் வருமுன்னரே எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருப்பது, அதை 20 வயதில் யாரும் ஊட்டமுடியாது.

அடுத்த முறை அரீனாவில் இதைச் செய்து பாருங்கள். ஒரு பையனை மட்டும் மூன்று ஷிஃப்ட் பாருங்கள், பக் அவனிடம் இல்லாதபோதும். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருதரம் ஐஸில் இறங்கி ஆடுகிற நேரம், முக்கால் நிமிடம்தான். மூலையில் பக்கை எடுக்கப் போகுமுன் தோளுக்கு மேலால் எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறான்? இரண்டு தரம் என்றால் நல்லது. ஒருதரமும் இல்லை என்றால் பெரிய லீக்கில் கண்ணாடியில்தான் முகம். ஒரே பக்கமாகத்தான் திரும்புகிறானா? களைத்துப்போய் பெஞ்சுக்கு வரும்போது நேரே நிமிர்ந்து மிதக்கிறானா, இல்லை பின்னுக்கு ஓடி உதவுகிறானா?

பார் தூக்குவது, குதிப்பது போன்ற உடற்சோதனை இலக்கங்களைப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க வேண்டாம். 2014-இல் சாம் பெனட்டால் ஒரு தரம்கூட பாரில் தொங்கி எம்ப முடியவில்லை, நாடே சிரித்தது. கல்கரி நான்காவதாக எடுத்தது. 2025-இல் ஃப்ளோரிடாவோடு கிண்ணமும், பிளேயோஃபின், அதாவது கிண்ணத்துக்கான சுற்றுகளின், சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். கோலிகளை, அதாவது கோல் காப்பவர்களை, பற்றித் தனியே பேச வைத்திருந்தேன். சுருக்கமாக: லுண்ட்க்விஸ்ட் 2000-இல் 205-ஆவது. ஹெலபக் 2012-இல் 130-ஆவது. 2025-இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர். கோலியென்றால் 22, 23 வயதுவரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். 20 வயதுக்குள் யாரை எந்த லீக்குக்கு அனுப்பலாம் என்ற ஒப்பந்த விதிகளும் இருந்தன. அவற்றைத் தொட இன்று நேரமில்லை, செய்தி வருகிறது. வணக்கம்.