நூற்றிருபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியை எப்படி எடைபோடுவது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவில் வீடு தேடும் நம் குடும்பங்கள், அந்தப் பகுதிப் பள்ளிக்கு இணையதளங்களில் பத்துக்கு எத்தனை மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஒரே ஒரு மிடில் ஸ்கூல் உள்ள சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆறு, ஏழு, எட்டு என மூன்று வகுப்பும் சேர்த்து 120 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு 40 பேர். அதில் ஒரு பிள்ளை என்றால் இரண்டரை சதவீதம். ஏழாம் வகுப்பில் 20 பேர் கணக்கில் தேறியிருக்க, அவர்களில் இரண்டு பேர் ஊர் மாறிப்போய், தேறாத இரண்டு பேர் அந்த இடத்துக்கு வந்தால் 50 சதவீதம் 45 ஆகிவிடும். ஆசிரியரும் மாறவில்லை, பாடமும் மாறவில்லை.

இந்த 45 நூற்றுக்கு 45 மார்க் அல்ல. ஊரில் படித்த பழக்கத்தில் நம் மனம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. வகுப்புக்கு உரிய தரத்தை எட்டிய பிள்ளைகளின் விகிதம் அது. 2024 வசந்தகாலத்தில் நடந்த மாநிலத் தேர்வில் மாநிலம் முழுவதும் கணக்கில் தரத்தை எட்டியவர்கள் சுமார் 35.5 சதவீதம்தான்; ஆங்கிலத்தில் 47 சதவீதம். ஆகவே கணக்கில் 45 என்பது மாநில சராசரிக்கு மேலே.

பார்க்க வேண்டிய முறை இதுதான். இந்த மாநிலத் தேர்வுக்குக் கேஸ்ப் (CAASPP) என்று பெயர். மாநிலக் கல்வித் துறையின் கேஸ்ப் முடிவுத் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டு, 2022இல் ஆறாம் வகுப்பு, 2023இல் ஏழாம் வகுப்பு, 2024இல் எட்டாம் வகுப்பு என்று குறுக்காகப் படியுங்கள். பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான் மேலே போயிருப்பார்கள். மூன்று ஆண்டுகளின் ஏழாம் வகுப்பை ஒப்பிட்டால் மூன்று வேறு கூட்டங்களை ஒப்பிடுகிறீர்கள். சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேரோ அதற்குக் குறைவோ இருந்தால் நட்சத்திரக் குறிதான் வரும். தனிப் பிள்ளையின் மார்க் வெளியே தெரியாமல் காக்கும் ஏற்பாடு அது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாநிலம் பள்ளிகளை மதிப்பிட்டு வண்ணம் போட்டுக் காட்டும் தளம் டேஷ்போர்டு. அதில் வண்ணம் கிடைக்கப் பெரும்பாலான பிரிவுகளுக்கு 30 பேராவது வேண்டும். அதனால் சின்னப் பள்ளியில் பல பிரிவுகளுக்கு வண்ணமே இருக்காது.

டேஷ்போர்டு பலரைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. தேர்வு முடிவில் அது சதவீதத்தைக் காட்டுவதில்லை. தரத்திலிருந்து பிள்ளைகள் சராசரியாக எத்தனை புள்ளி தள்ளி நிற்கிறார்கள் என்று காட்டுகிறது. ஏழாம் வகுப்புக் கணக்குக்குத் தரம் 2567. கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த மதிப்பெண் 2250. 95 சதவீதம் பேர் தேர்வு எழுத வேண்டும். குறைந்தால், குறைகிற தலைகளுக்கு அந்த மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். நம் 120 பேர் பள்ளியில் 114 பேர் எழுதியிருக்க வேண்டும். 12 பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக்கொடுத்துத் தேர்விலிருந்து விலக்கு வாங்கினால் 108 பேர்தான் எழுதுவார்கள். மீதி ஆறு இடத்துக்குத் தலைக்குச் சுமார் 317 புள்ளி (2567க்கும் 2250க்கும் உள்ள இடைவெளி) கழியும். எழுதியவர்கள் சரியாகத் தரத்தில் நின்றிருந்தாலும், பள்ளியின் கணக்கு ஏறக்குறைய 17 புள்ளி கீழே இறங்கி, 'உயர்வு' நிலையிலிருந்து 'நடுத்தரம்' ஆகிவிடும். விலக்கு கேட்பது பெற்றோரின் சட்ட உரிமை. ஆனால் சின்னப் பள்ளியில் அதன் விலை இவ்வளவு என்று தெரிந்து கேளுங்கள்.

இனி, மாணவர் விவரம். எந்தப் பிரிவில் எத்தனை பிள்ளைகள் என்ற எண்கள் பெரும்பாலும் நாம் நிரப்பும் படிவங்களிலிருந்து வருகின்றன. முதல் முறை பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி நான்கு கேள்விகள் கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஆங்கிலம் என்று எழுதுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். சேர்ந்த 30 நாளுக்குள் எல்பேக் என்ற மொழித்தேர்வு வைப்பார்கள். நன்றாகச் செய்தால் ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளை என்று பதிவாகி, அதோடு முடிந்தது. தடுமாறினால், சட்டப்படி கிடைக்க வேண்டிய மொழி உதவி கிடைக்கும். பொய்யாக எழுதினால் அந்த உதவிதான் போகும்.

வருமானப் படிவமும் அப்படித்தான். 2022–23 கல்வியாண்டு முதல் கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம். சாப்பாடுதான் கிடைக்கிறதே என்று தகுதியுள்ள குடும்பங்களும் படிவத்தைத் திருப்பித் தருவதில்லை. மாநிலத்தின் கூடுதல் நிதியோ அப்படித் தகுதியுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வருகிறது: குறைந்த வருமானம், ஆங்கிலம் கற்கும் நிலை, வளர்ப்புக் குடும்பம் ஆகிய பிரிவுகளில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதல். இப்படிப்பட்டவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு இன்னும் 65 சதவீதம். சின்ன டிஸ்ட்ரிக்டில் பத்துப் படிவம் திரும்பாவிட்டால் ஒரு பகுதிநேர உதவியாளரின் சம்பளமே ஆட்டம் காணலாம்.

டிசம்பர்ப் பயணத்தையும் சொல்ல வேண்டும். 180 நாள் கல்வியாண்டில் 18 நாள் வராவிட்டால், காரணம் எதுவானாலும், நீண்டகால வருகைக் குறைவு என்று பதிவாகும். விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் சேர்த்து ஊருக்குப் போனால் பத்து நாள். பிறகு காய்ச்சல், பல் வைத்தியம் என்று எட்டு நாள் சேர அதிக நேரம் ஆகாது. டிக்கெட் எடுத்தவுடன் பள்ளி அலுவலகத்தில் 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' ஒப்பந்தம் கேளுங்கள். கிளம்பும் முன் கையெழுத்துப் போட்டு, கொடுத்த பாடங்களை முடித்துக் கொடுத்தால் வருகையாக எடுத்துக்கொள்வார்கள். நம் 120 பேர் பள்ளியில் 12 பிள்ளைகள் இப்படி 18 நாளைத் தொட்டுவிட்டால், வருகைக் குறைவு பத்து சதவீதம் ஆகிவிடும்.

பள்ளியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பள்ளி வாரியக் கூட்டத்துக்கே போய்க் கேளுங்கள். கூடுதல் நிதியை எப்படிச் செலவிடுவது என்ற திட்டத்தை, எல்கேப் என்பார்கள், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1க்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன்பு ஒரு கூட்டத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். அங்கே கேட்க இரண்டு கேள்விகள் போதும். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கில் எத்தனை புள்ளி முன்னேறியிருக்கிறார்கள்? கூடுதல் நிதியில் மிடில் ஸ்கூல் கணக்குக்கு எவ்வளவு போகிறது?