மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி: தொடர் நாவலின் இரண்டாம் பாகமும் வாசகர் கோபமும்

(நூலக வாரத்தை ஒட்டி நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்தக் கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த புரவலர் பெருமக்களே, மாணவிகளை வரிசை கலையாமல் அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, நூலகருக்கே தெரியாத புத்தகம் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கும் உதவியாளர் அண்ணன் அவர்களே, பின் வரிசையில் கதவோரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும். நகர்மன்ற உறுப்பினர் அவர்களை மட்டும் இன்னொரு முறை விளித்துவிடுகிறேன். ஏன் என்பது பேச்சின் பிற்பகுதியில் தெரியும்.

இளையோருக்கான ஃபேன்டஸித் தொடர்களில் இரண்டாவது நாவல் வரும்போது வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது தலைப்பு. மூன்று செய்தி சொல்லப்போகிறேன். ஒன்று, வாசகர் கோபம் எங்கே பிறக்கிறது. இரண்டு, அதற்கு எழுத்தாளர்கள் என்ன பதில் கொடுத்தார்கள். மூன்று, தமிழில் இப்படியொரு தொடர் எழுத நினைக்கும் இளைஞர்கள் இரண்டாம் பாகத்தை எப்படிக் கட்ட வேண்டும்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். முதல் பாகம் உரல். பிடித்தால் பிடித்தது, இல்லாவிட்டால் இல்லை. இரண்டாம் பாகம் மத்தளம். "முதல் பாகம் மாதிரி இல்லையே" என்று இந்தப் பக்கம் ஓர் இடி. "கதை முடியவே இல்லையே" என்று அந்தப் பக்கம் ஓர் இடி. முதல் பாகம் மாதிரியே எழுதினால் "அதையே திருப்பி எழுதிவிட்டார்" என்பார்கள். மாற்றி எழுதினால் "என் கதாநாயகன் எங்கே" என்பார்கள்.

கதாநாயகன் எங்கே என்ற கேள்விக்கு அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ தொடரைப் போல ஓர் எடுத்துக்காட்டு கிடையாது. 1968இல் முதல் நாவல். கெட் என்ற ஆடு மேய்க்கும் பையன் மந்திரப் பள்ளிக்குப் போகிறான், செருக்கினால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான், பிறகு தீவு தீவாகப் படகில் அலைந்து அதை எதிர்கொள்கிறான். கடல், காற்று, டிராகன், எல்லாம் உண்டு. 1971இல் இரண்டாவது நாவல், ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’. திறந்தால் கடலைக் காணோம். பாலைவனத்தில் ஒரு கோயில். தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறந்தவள் என்பதற்காக டெனார் என்ற சிறுமியை வீட்டிலிருந்து கொண்டுவந்து, பெயரைப் பிடுங்கி, இருட்டின் தெய்வங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கோயிலுக்கு அடியில் குகை, குகைக்கு அப்பால் சுரங்க வழிகள். அந்தக் குகையில் விளக்கு ஏற்றக் கூடாது. அவள் சுவரைக் கையால் தடவி, இடப்பக்கம் எத்தனை வாசல், வலப்பக்கம் எத்தனை வாசல் என்று எண்ணி மனப்பாடம் செய்கிறாள். கெட்? நாவலில் மொத்தம் 12 அத்தியாயம். அவன் தலை காட்டுவது ஐந்தாவதில். அதுவும் வெளிச்சமே கூடாத அந்த இடத்தில், கோலின் நுனியில் ஒரு வெளிச்சமாக.

மாணவிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஐந்தாம் அத்தியாயம் வருவதற்குள் நாம் கெட்டை மறந்து டெனார் பக்கம் சாய்ந்திருப்போம். அவன் நமக்கே திருடனாகத் தெரிவான். முதல் பாகத்தில் தோளில் தூக்கிய கதாநாயகனை இரண்டாம் பாகத்தில் அன்னியனாகப் பார்க்கவைக்கிறார். இது வேலை செய்ய வேண்டுமானால் நான்கு அத்தியாயம் பொறுமை வேண்டும். கோபப்பட்டு மூடிவைக்கிறவர்கள் அந்த நான்குக்குள்தான் மூடிவைக்கிறார்கள். மெதுவாகப் போகிறது என்ற குறை பாதி சரி. மூன்றாம் அத்தியாயத்தில் அவள் மூன்று கைதிகளுக்குச் சாவு விதிக்கும் இடம் மெதுவாகப் போகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்த இடி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பெண் விடுதலை பெற ஆண் வந்துதான் கைதூக்கிவிட வேண்டுமா என்று பெண்ணிய விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புத்தகத்துக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது: சுரங்கத்தில் அடைபட்டுத் தாகத்தில் சாகக் கிடந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்து, ஒளித்துவைத்து, வழி காட்டியவள் அவள். கெட் பாதியைத் தேடி வந்த, இரண்டாக உடைந்த மோதிரம் ஒன்று சேருகிற கதையில் ஒருவரை ஒருவர் காப்பாற்றாமல் இருவருமே வெளியே வர முடியாது. ஆனால் லெ குவின் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. 1990இல் ‘தெஹானு’ என்ற நான்காம் நாவலில் டெனாரை நடுவயது விதவையாக, பண்ணை வீட்டுப் பெண்ணாகத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டாம் பாகத்துக்கான விமர்சனத்துக்கு எழுத்தாளரின் பதில் 19 ஆண்டு கழித்து வந்தது. அதைக் கேட்க வாசகருக்கு நான்காம் பாகம் கையில் கிடைக்க வேண்டும். இந்த ‘கிடைக்க வேண்டும்’ என்பதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய கதை ஒன்று. ஹாரி பாட்டர் என்றதும் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. இங்கிலாந்தில் இரண்டாம் பாகம் வெளிவந்தது 1998 ஜூலை 2. அப்போது அமெரிக்காவில் முதல் பாகமே வரவில்லை. அது வந்தது அந்த ஆண்டு செப்டம்பரில். அமெரிக்கப் பிள்ளைகள் முதல் பாகத்தை முடித்தார்கள். அடுத்தது எங்கே என்றார்கள். அடுத்த ஆண்டு வரும் என்றார்கள். பிள்ளை பொறுக்குமா? கடல் தாண்டி இங்கிலாந்தில் அச்சாகி, அட்டை போட்டு, கடையில் அடுக்கியே வைத்திருக்கிறார்கள்! 1998 அக்டோபரில் அமேசான் நிறுவனம் இங்கிலாந்துக்கென்று தனி இணையக் கடை திறந்தது. அவ்வளவுதான். நியூயார்க்கில் இருந்துகொண்டு லண்டன் புத்தகத்துக்கு ஆர்டர் போட்டார்கள். புத்தக விலை ஒரு பக்கம், விமானத் தபால் செலவு ஒரு பக்கம். அப்பா பணம் கொடுக்கிறார், பிள்ளை வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அமெரிக்கப் பதிப்பாளர் ஸ்கொலாஸ்டிக் பார்த்தது: உரிமை நம்முடையது, விற்பனை அங்கே நடக்கிறது! அவசர அவசரமாக வெளியீட்டை முன்னுக்கு இழுத்து, 1999 ஜூன் 2 அன்று கொண்டுவந்தார்கள். பதினோரு மாத இடைவெளி. மூன்றாம் பாகத்துக்கு அந்த இடைவெளி இரண்டு மாதமாகச் சுருங்கியது: இங்கிலாந்தில் 1999 ஜூலை 8, அமெரிக்காவில் செப்டம்பர் 8. நான்காம் பாகம் 2000 ஜூலை 8, இரண்டு நாட்டிலும் ஒரே நாள்! மூன்றாம் பாகம் வந்த அன்று இங்கிலாந்தில் பிற்பகல் 3.45 வரை விற்கக் கூடாது என்று வைத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடக் கூடாதாம். (தலைமையாசிரியை அம்மா சிரிக்கிறார்கள்.) பெரியவர்களின் விற்பனைப் பட்டியலில் இந்தத் தொடர் இடத்தை அடைத்துக்கொண்டதால் 2000 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை சிறுவர் நூல்களுக்கென்று தனிப் பட்டியலே தொடங்கியது. இரண்டாம் பாகத்துக்காகப் பிள்ளைகள் காட்டிய பொறுமையின்மை இரு நாட்டுப் பதிப்புலகத்தின் நாட்காட்டியை மாற்றிவிட்டது.

அதே இரண்டாம் பாகத்தைத் தொடரிலேயே மெலிந்தது என்று ஒதுக்கிய வாசகர்கள் உண்டு. மறுபடியும் மத்தளம்! 2005இல் ஆறாம் பாகம் வந்தது. இரண்டாம் பாகத்தில் பாம்பின் நச்சுப்பல்லால் குத்தப்பட்ட அந்தப் பழைய நாட்குறிப்பு உண்மையில் என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது. படிக்காதவர்கள் இருக்கிறீர்கள், சொல்ல மாட்டேன். ஒதுக்கியவர்கள் திரும்பப் போய் எடுத்தார்கள். இடைப் பாகத்தின் மீது வாசகர் தரும் தீர்ப்பு அடுத்த பாகம் கைக்கு வரும்வரை இடைக்காலத் தீர்ப்புத்தான்.

இப்போது நம் அலமாரிக்கு வருவோம். மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் கோபிக்கக் கூடாது. எந்தத் தொடரையும் எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முதல் பாகத்தில் 20 முத்திரை, மூன்றாம் பாகத்தில் 2 முத்திரை என்றால் வாசகருக்குத் தொடர் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிப் புத்தகமாகத் தேர்வு செய்தால் ஒன்று விட்டுப்போவது சகஜம். தொலைந்ததற்குப் பதில் வாங்கும்போதும் இடைப் பாகம் யார் கண்ணிலும் படாது.

எல்லாப் பாகமும் இருந்தாலும் அடுக்குவதில் ஒரு சிக்கல். ஒரே ஆசிரியரின் நூல்களைத் தலைப்பின் ஆங்கில அகர வரிசையில் வைத்தால் எர்த்சீ எப்படி நிற்கும் தெரியுமா? முதலில் ‘ஃபார்தஸ்ட் ஷோர்’, அது மூன்றாம் பாகம். அடுத்து ‘தெஹானு’, நான்காம் பாகம். பிறகு ‘டூம்ஸ்’, இரண்டு. கடைசியில் ‘விசார்ட்’, ஒன்று. இடமிருந்து எடுக்கும் பிள்ளை மூன்றாம் பாகத்தில் தொடங்கி ஒன்றும் புரியாமல் திருப்பிக் கொடுக்கும். இதற்குச் செலவே இல்லாத வைத்தியம்: முதுகுப்புறத்தில், நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பு எண்ணுக்கு மேலே, விரல்கடை அகல வெள்ளைத்தாள் ஒட்டி 1, 2, 3 என்று எழுதுங்கள். மேலே செலோபேன் டேப் ஒட்டாவிட்டால் ஒரே மாதத்தில் உரிந்துவிடும்.

படிகளின், அதாவது பிரதிகளின், கணக்கைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் உள்ள வட்டம், 15 நாள் தவணை, இரண்டாம் பாகம் ஒரே ஒரு படி. பத்தாவது பிள்ளை கைக்கு வந்து முடிய 150 நாள். முதலில் படித்த பிள்ளை அதற்குள் கதையையே மறந்திருக்கும். மூன்று படி இருந்தால் நான்கு சுற்று, 60 நாளில் முடியும். முதல் பாகத்துக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று வாங்குவதால்தான் நடுவில் அடைத்துக்கொள்கிறது.

கருத்துக் கேட்கிற முறையும் மாற வேண்டும். "பிடித்ததா?" என்று கேட்டால் சத்தமாகப் பேசுகிற பிள்ளையின் கருத்தே எல்லார் கருத்தும் ஆகிவிடும். கலந்துரையாடலுக்கு முன்பே அஞ்சலட்டை அளவு சீட்டில் மூன்று கேள்வி: எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாய்? யாரைத் தேடினாய்? மூன்றாம் பாகம் இங்கே இருந்தால் இன்றே எடுப்பாயா? முதல் பாகம் படிக்காதவர்களின் சீட்டைத் தனியாக வையுங்கள், கலந்தால் எல்லாம் குழம்பிவிடும். மூன்றாம் பாகம் முடிந்ததும் அதே கேள்விகளை மறுபடி கேட்டு இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் அது எழுத்தாளர் கணக்கு. பக்கம் ஆளுக்கொன்றாகச் சிதறியிருந்தால் தவணையையும் தேர்வு அட்டவணையையும் பார்க்க வேண்டும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948இல் நம் சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நகர்மன்ற உறுப்பினர் அவர்களை இரண்டு முறை விளித்தது இதற்குத்தான். வசூலான நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்குத் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் இடைப் பாகங்களை வாங்கலாம். அவர் தலையாட்டியதை எல்லாரும் பார்த்தீர்கள், நிருபர் தம்பியும் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது செய்தி ஒன்று பாக்கி: தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டாம் பாகத்தைக் கட்டும் முறை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். எழுதும் இளைஞர்கள் டெனாரின் முதல் நான்கு அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாருங்கள், இன்னொரு மேடையில் பேசுவோம். மத்தளத்துக்கு எத்தனை இடி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாசல் மேசையில் தீர்மானப் படிவம் இருக்கிறது. ‘தொடர் நூல்களை எல்லாப் பாகங்களோடும், ஒவ்வொன்றும் ஒரே எண்ணிக்கையில் வாங்க வேண்டும், முதுகில் பாக எண் ஒட்ட வேண்டும்’, இவ்வளவே வாசகம். உறுப்பினர் அட்டை எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள், எண் இல்லாவிட்டால் ஏற்க மாட்டார்கள். எந்தத் தொடரில் எந்தப் பாகம் இல்லை என்பதைப் பின்பக்கத்தில் எழுதலாம். அடுத்து மாணவிகளுக்குப் பரிசளிப்பு. நன்றி, வணக்கம்.