கார்னிவல் வேர்விட்டது தெருவில்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கரீபியன் தீவுகளின் ஆடல்பாடல் விழாவான கார்னிவலை லண்டனில் வேரூன்ற வைத்தது அரங்கமா, தெருவா? தெருவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

அரங்கமே என்று வாதாடிய எதிரணித் தலைவர், லண்டனில் வாழ்ந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸை முன்னிறுத்தினார். 1958இல் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நடந்த இனக் கலவரத்தில் நொந்துபோன கரீபியன் மக்களை, 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ராஸ் டவுன் ஹாலில் கூட்டி ஆடவைத்த அந்த அம்மையாரை நானும் வணங்குகிறேன். கலவர வழக்கில் சிக்கிய இளைஞர்களின் அபராதம் கட்ட, விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினாரே, அது எவ்வளவு பெரிய மனசு! ஆனால் கார்னிவலின் தாயகமான கரீபியன் தீவு டிரினிடாட்டில், கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் ஊரே தெருவில் ஆடும். லண்டன் குளிரில் அதற்கு வழியில்லை. இருக்கை நிரம்பினால் கதவு மூடும் அரங்குக்குள் அது ஒடுங்கியது.

1966இல் ரோன் லாஸ்லெட் அம்மையார் நாட்டிங் ஹில்லில் தெருவிழா நடத்தினார். பீப்பாயில் செய்த மேளமான ஸ்டீல்பேனை வாசிக்க வந்த ரஸ் ஹெண்டர்சன் குழு, நின்ற இடத்திலேயே நிற்காமல் மேளத்தோடு நடக்கத் தொடங்கியது. சனம் பின்னாலேயே போனது.

நடக்க முடிந்ததே ஸ்டீல்பேனால்தான். சுமார் 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைச் சம்மட்டியால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் குழியாகத் தட்டுவார்கள். அவசரப்பட்டு ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தகடு கிழியும். ஒவ்வொரு சுரமும் ஒலிக்கும் கட்டத்தின் எல்லையை உளியால் பதிப்பார்கள். உளி கூராக இருந்தால் பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். பக்கச் சுவரை அறுத்து, தீயில் காட்டி, சுருதி சேர்ப்பார்கள். சூடு மிஞ்சினால் நாதம் மழுங்கும், குறைந்தால் சுருதி நிற்காது. மின்சாரம் வேண்டாம், கழுத்தில் வாரை மாட்டினால் போதும். ஆனால் ஒருவருக்கு ஒரு மேளம்தான். அடிநாதம் தரும் ஆறு பீப்பாய் பாஸ் மேளத்தைத் தோளில் சுமக்க முடியுமா? நடக்கும் குழுவில் அடிநாதம் மெலியத்தான் செய்யும். அந்தக் குறையோடும் அவர்கள் நடந்தார்கள், ஐயா!

1973இல் விழாவை நடத்த லெஸ்லி பால்மர் வந்தார். ஜெனரேட்டர் கொண்டுவந்தார், ஊர்வலப் பாதையை நீட்டினார், வேடக்குழுக்களைப் பெருக்கினார், ஜமைக்கா இளைஞர்கள் பெரிய ஒலிபெருக்கிகளில் இசைத்தட்டு ஒலிக்கவிடும் சவுண்ட் சிஸ்டம்களுக்கு இடம் கொடுத்தார். டிரினிடாட்காரர் விழா அன்றுதான் கரீபியன் தீவுகள் அனைத்துக்கும் பொதுவானது. இத்தனையையும் எந்த அரங்கத்துக்குள் அடைப்பீர்கள், எதிரணித் தலைவரே?