தால்மா: ரோமானியரை ரோமானியராக மேடையேற்றிய பிரெஞ்சு நடிகர்

[திரையில்: பொடி தூவிய விக், பட்டு உடையில் 18ஆம் நூற்றாண்டு நடிகர்களின் ஓவியங்கள்]

வணக்கம். இந்த ஓவியத்தில் இருப்பவர்கள் பண்டைய ரோமானியர்கள் என்றால் நம்புவீர்களா? 1780களில் பாரிசின் கொமெடி பிரான்சேஸ் அரங்கில் சோக நாடகம் என்றாலே பெரும்பாலும் இந்த அலங்காரம்தான். முந்தைய தலைமுறையில் லெகேன் போன்ற நடிகர்கள் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். முழுமூச்சாக இறங்கியவர் பிரான்சுவா-ஜோசப் தால்மா.

1763இல் பாரிசில் பிறந்தவர். இளமையில் சில காலம் லண்டனில் இருந்தார்; அப்பாவைப் போலவே பல் மருத்துவமும் பார்த்தார். 1787இல் கொமெடி பிரான்சேஸில் முதல் மேடை.

[திரையில்: தோகா (ரோமானியர் போர்த்திக்கொள்ளும் நீள மேலாடை) அணிந்த ரோமானியச் சிலை]

புதியவருக்குச் சின்ன வேடங்கள்தானே கிடைக்கும்? வால்டேரின் 'புரூட்டஸ்' நாடகத்தில் புரோகுலஸ் என்ற துணை வேடம், பேச ஒரு சில வரிகள். ஓவியர் ஜாக்-லூயி டேவிட் அவருடைய நண்பர். அந்த நட்பின் தாக்கத்தில் பழைய சிலைகளைப் பார்த்து உடை தைத்துக்கொண்டு மேடையேறினார் தால்மா. ரோமானியர் போர்த்தும் தோகா, மூடாத கைகள், மூடாத கால்கள், விக் கிடையாது. கூட நடித்தவர்களே அதிர்ந்துபோனார்கள். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த துணிச்சல் இதுதான்: நாலு வரி வேடத்துக்கு இவ்வளவு உழைப்பு!

வசனத்திலும் அப்படியே. பிரெஞ்சு சோக நாடகம் வரிக்கு 12 அசை, நடுவில் ஒரு நிறுத்தம் என்று செய்யுளில் ஓடும். பலர் அதை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். தால்மா பொருள் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தினார். செய்யுள் பேச்சானது.

[திரையில்: 1789, பாரிஸ்]

நவம்பர் 1789. ஷெனியே எழுதிய 'ஒன்பதாம் சார்லஸ்' நாடகம். 1572இல் பிரான்சில் புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த படுகொலைக்குக் காரணமான மன்னனின் கதை. வெறுக்கப்படும் அந்த மன்னன் வேடத்தை ஏற்று தால்மா புகழின் உச்சிக்குப் போனார். ஆனால் பிரெஞ்சுப் புரட்சி அரசியலில் கொமெடி பிரான்சேஸ் நாடகக் குழு பிளந்தது. 1791இல் அவரும் சிலரும் ரிஷ்லியு தெரு அரங்குக்குப் போனார்கள். 1799இல் எல்லோரும் சேர்ந்தது அங்கேதான். கொமெடி பிரான்சேஸின் தலைமை அரங்கு இன்றும் அதுவே. அப்புறம் நெப்போலியனின் நட்பு. 1808இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் ரஷ்யப் பேரரசர் முன்னிலையில் நடித்தார்.

இத்தனை புகழிலும் ஓர் அவமதிப்பு இருந்தது. பிரெஞ்சுத் திருச்சபை நடிகர்களை ஒதுக்கி வைத்திருந்தது. 1790இல் தால்மாவுக்குத் திருமணம் செய்துவைக்கப் பாதிரியார் மறுத்தார். அவரோ விடாமல் நாட்டின் சட்டமன்றமான தேசிய சபையிடமே முறையிட்டார். 1826 அக்டோபரில் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே திருச்சபைச் சடங்கு எதுவும் இல்லாமல், பெருங்கூட்டம் சூழ, பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.